கனவுக் காட்சியும் உழைப்பின் உடலும்

நடனத்தைப் படமாக்கி அதனைக் கனவுபோலத் தோன்றச் செய்தல் இன்று எவருக்கும் எளிதாகிவிட்டது. மாணவர் கையிலுள்ள தொலைபேசியே கமராவாகவும் படத்தொகுப்பு மேசையாகவும் பயன்படுகின்றது. அசைவை மெதுவாக்குதல், ஒரு காட்சி தேய மற்றொன்றை அதன்மேல் வளரச் செய்தல், ஒளிரும் மூடுபனியைப் படரவிடுதல், ஆடுபவரின் பின்னே அவரது நிழலுருக்களைத் தொடரவிடுதல் ஆகிய யாவும் சில விரலசைவுகளில் முடிந்துவிடுகின்றன. முன்னர் படச்சாலைகளும் இரசாயன ஆய்வுகூடங்களும் செய்த வேலை இது. அது சாதாரண மக்களின் கைக்கு வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும், கருவி கைக்கு வந்துவிட்டமையால் அதனை எதற்காகப் பயன்படுத்துகின்றோம் என்னும் வினா தீர்ந்துவிடவில்லை.

சில மாதங்களுக்கு முன், மலையகப் பாடசாலை ஒன்றின் மாணவர் தயாரித்த நடன வீடியோவைப் பார்க்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளனுக்குக் கிட்டியது. எடுத்துக்கொண்ட பொருள் கொழுந்து நடனம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய பெண் பிள்ளைகள் தேயிலை நிரைகளுக்கிடையே ஆடினர். நன்றாகவே ஆடினர். ஆனால் படத்தொகுப்பு முடிந்து வெளிவந்தபொழுது அவர்கள் ஆடியது எங்கோ மறைந்துவிட்டது. எங்கும் பால்நிற மூடுபனி. விரல்கள் நீரினுள் அசைவனபோல் அசைந்தன. முகங்களைச் சுற்றி ஒளிவட்டம். தேயிலைத் தோட்டம் தேவலோகமாகியிருந்தது. பார்த்தவர் யாவரும் கைதட்டினர். ஆடியவர்களுள் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மா இவ்வளவு மெதுவா பறிச்சா அரைப்பேர்தான் சேர் போடுவாங்க."

அரைப்பேர் என்பது மலையகத்தாருக்கு விளக்கவேண்டிய சொல்லன்று. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளின் முழுநாள் உழைப்பும் அரைநாட் சம்பளமாகச் சுருங்கிவிடும் கணக்கு அது. அந்தப் பிள்ளை வேடிக்கையாகச் சொன்ன வாக்கியத்தில் ஒரு முழுமையான கலை விமர்சனம் அடங்கியிருந்தது. கொழுந்து பறிக்கும் கையின் சாரம் அதன் வேகம். அந்த வேகத்தை விதித்தது வாழ்க்கை. படத்தொகுப்பு அந்த வேகத்தை எடுத்துவிட்டபொழுது அழகு கூடியது, அம்மா காணாமற் போனாள்.

அவ்வாறாயின், நடனப் படத்திற் கனவுத்தன்மையே கூடாதா? யதார்த்தம் என்ற பெயரால் கற்பனையை விலக்கிவைக்க வேண்டுமா? அத்தகைய வரட்டு வாதத்தை ஏற்பதற்கில்லை. 1937 இல் ஸ்பெயின் போர்முனையிற் பாசிசத்துக்கெதிராகப் போராடி உயிர்நீத்த கிறிஸ்தோபர் கோட்வெல், 'மாயையும் யதார்த்தமும்' என்ற தமது நூலில் இதற்கு விடை தேட முயன்றார். குலக்குழு மக்கள் அறுவடைக்கு முன்னரே அறுவடையை ஆடிக் காண்கின்றனர். இன்னும் விளையாத கதிர் ஆடலில் விளைந்துவிடுகின்றது. அது மாயைதான், ஆனால் அந்த மாயை ஆடியவரை முன்னிலும் உறுதியான உள்ளத்துடன் வயலுக்குத் திருப்பி அனுப்புகின்றது. ஆகவே கனவு உழைப்புக்குப் பகையன்று. ஒரு கனவு மனிதனை அவனது உழைப்பிடம் கொண்டுசெல்கின்றதா, அன்றி அவனிடமிருந்து அவனது உழைப்பை மறைக்கின்றதா என்பதே நாம் கேட்கவேண்டியது.

இவ்வினாவோடு படத்தொகுப்பின் நுட்பங்களை அணுகினால் சில உண்மைகள் தெளிவாகும். முதலில் மெதுவியக்கம். வினாடிக்கு 25 சட்டகங்களாக எடுத்த காட்சியை அரை வேகத்துக்கு இழுத்தால், இரண்டு வினாடிகளை நிரப்புவதற்கு உண்மையான படங்கள் 25 மட்டுமே உண்டு. எஞ்சியவற்றைக் கணினி முன்னுள்ள படத்தை மீண்டும் காட்டி நிரப்பும். அல்லது இரு படங்களுக்கிடையே ஒன்றைத் தானே ஊகித்து வரையும். ஊகித்து வரைந்த படத்தில் விரைந்து செல்லும் விரல்கள் உருகுவதையும், சேலை மடிப்பு கையுடன் ஒட்டிக்கொள்வதையும் காணலாம். எடுக்கும்பொழுதே வினாடிக்கு 50 அல்லது 100 சட்டகங்களாக எடுத்திருப்பின் ஒவ்வொரு கணமும் ஆடியவரின் உடலிலிருந்து வந்ததாகவே இருக்கும். முன்னதில் கனவைக் காண்பது இயந்திரம். பின்னதில் நாம் காண்பது உடல் உண்மையிற் செய்ததையே.

அடுத்து தாளம். பரதத்தில் தட்டடவின்போது பாதம் நிலத்தில் விழுவது அசைவு மட்டுமன்று. அது ஓர் ஒலி, மிருதங்கத்தின் சொல்லோடு பிணைந்த ஒலி. அதனை மெதுவாக்கி இசையை மட்டும் பழைய வேகத்தில் விட்டால், பாதம் வேறெங்கோ விழ, தாளம் வேறெங்கோ ஒலிக்கும். அரைமண்டியில் நின்று பல்லாண்டு பயின்று பெற்ற காலப்பிரமாணம் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அழிந்துவிடும். கையின் வளைவு, சுழற்சி, பாய்ச்சல், கண்ணின் திரும்பல் ஆகியன மெதுவியக்கத்தைத் தாங்கும், தட்டு தாங்காது. நடனம் அறிந்தவர் தொகுக்கும் படத்துக்கும் அறியாதவர் தொகுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஓரிடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இந்நுட்பங்கள் நேற்றுத் தோன்றியவையல்ல. நமது நாட்டின் ஆடலே அவற்றுக்கு ஒரு பழைய சான்றாக உள்ளது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் செலவில், ஜோன் கிரியர்சனின் தயாரிப்பில், பசில் றைட் என்ற ஆங்கில இளைஞர் 1934 இல் 'சோங் ஒவ் சிலோன்' என்ற படத்தை உருவாக்கினார். ஒளிப்பதிவும் அவரே, படத்தொகுப்பும் அவரே. கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வெண்ட் தமது குரலில் வாசித்தார். உக்குவா, சுரம்பா என்னும் இரு கண்டியக் கலைஞர் இசைப்பதிவுக்காக இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தேயிலை விற்பதற்காகப் பிறந்த படம், உலகின் சிறந்த விவரணப் படங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது.

படம் இலைகளுடன் தொடங்குகின்றது. கமரா மெதுவாக அவற்றைக் கடந்து செல்ல, அவற்றின் இருளிலிருந்து பேயாட்டக்காரரின் உருவங்கள் கரைந்து எழுகின்றன. பின்னர் யாத்திரிகர் சிவனொளிபாதமலை ஏறுகின்றனர். மணியொலியும், பறவையின் பறப்பும், புத்தர் சிலைகளும் ஒன்றிலொன்று கலக்கின்றன. இரண்டாம் பகுதியில் சிறுவர் ஆடல் பயில்கின்றனர். இறுதிப் பகுதியிற் கண்டிய நடனக் கலைஞர் தமது ஆடையணிகளை அணிந்து ஆடுகின்றனர். ஆட்டம் உச்சமடைய, கமரா மீண்டும் இலைகளினூடே பின்வாங்கி மறைகின்றது. பார்ப்பவன் ஒரு கனவினுட் புகுந்து வெளிவந்தவனைப்போல் உணர்கின்றான். இலையிருளிற் புகுதல், இலையிருளில் மீளுதல் என்னும் இந்த அமைப்பே முழுப்படத்துக்கும் கனவுத்தன்மையை அளிக்கின்றது.

ஆனால் இரு கனவுகளுக்கும் நடுவே 'வர்த்தகத்தின் குரல்கள்' என்ற மூன்றாம் பகுதி உள்ளது. யானை மரத்தைச் சாய்க்கின்றது, தேங்காய் பறிக்கின்றனர், பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். காட்சியின் மேல் ஒலிப்பதோ சந்தை விலைகள், வணிகக் கடிதங்களின் வாசகங்கள், கப்பற் செய்திகள். கைகள் இங்கே, கணக்கு அங்கே. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று மறுக்கும் இத்தொகுப்பு முறையால், தேயிலைப் பணத்தில் எடுத்த படமே தேயிலை வர்த்தகத்தின் இயல்பை ஒருகணம் அம்பலப்படுத்திவிடுகின்றது. இது றைட்டின் பெருமை.

அவரது எல்லையும் இங்கேயே உள்ளது. குரல்கள் விலையைச் சொல்கின்றன. பறிப்பவள் யார் என்று சொல்லவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, லயங்களில் அடைக்கப்பட்டு, இத்தீவின் மிகப் பெரிய ஏற்றுமதியைத் தமது விரல்களால் உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரின் வரலாறு படத்தில் இல்லை. அவர்களுக்கென ஓர் ஆடல்கூட இல்லை. மலையகத்தின் காமன் கூத்தும் தப்பின் ஒலியும் கமராவின் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆடல், வழிபாடு, கனவு ஆகியன பழைமை மாறாக் கிராமத்துக்கு உரியனவாகவும், தோட்டத் தொழிலாளி வெறும் கையாகவும் பகிரப்பட்டனர். படம் வெளிவந்து 14 ஆண்டுகளின் பின், 1948 இன் குடியுரிமைச் சட்டம் இதே மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. ஒரு படத்தின் மௌனம் சட்டத்தை இயற்றியது என நாம் கூறவில்லை. ஆனால் யாருக்குக் கனவு உரியது, யாருக்கு உழைப்பு மட்டும் உரியது என்ற பாகுபாடு இரண்டிலும் ஒன்றே.

இந்தப் பாகுபாட்டைப் படத்தொகுப்பினாலேயே உடைத்துக் காட்டிய ஒரு படம், அமெரிக்காவில் 1945 இல் மாயா டெரன் உருவாக்கிய 'கமராவுக்கான நடனவமைப்பில் ஒரு பயிற்சி'. உக்ரேனிற் பிறந்து சிறுவயதிற் குடிபெயர்ந்த டெரன், மாணவப் பருவத்திற் சோசலிச இளைஞர் இயக்கத்தில் ஈடுபட்டவர். பின்னர் கதரின் டன்ஹமின் நடனக் குழுவிற் செயலாளராகப் பணியாற்றினார். அக்குழுவில் ஆடிய ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர் டலி பீற்றியே இப்படத்தின் ஒரே நடிகர். படம் சில நிமிடங்களே நீள்வது; ஒலி இல்லை.

காட்டிலே கமரா மெல்லச் சுழல்கின்றது. ஒரே சுழற்சியில் பீற்றி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிற்கக் காண்கின்றோம். அவர் காலை உயர்த்துகின்றார். காட்டில் உயர்ந்த கால் ஒரு வீட்டின் அறையில் இறங்குகின்றது. அறையிலிருந்து நூதனசாலை மண்டபத்துக்குச் செல்கின்றார். அங்கே பல முகங்கொண்ட சிலையொன்றின் முன் அவர் சுழல, சுழற்சி மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைகின்றது. கமரா வினாடிக்கு எடுக்கும் சட்டகங்களைக் குறைத்துக்கொண்டே வந்ததன் பயன் அது. இறுதியில் ஒரு பாய்ச்சல். ஏறுதல், மிதத்தல், இறங்குதல் எனத் தனித்தனியே எடுத்த துண்டுகளை இணைத்தமையால், கணத்தில் முடியவேண்டிய பாய்ச்சல் பல மடங்கு நீள்கின்றது. முடிவில் அவர் திறந்த வெளியில், விரிந்த நிலத்தை நோக்கியவாறு வந்து அமர்கின்றார்.

இப்படத்தில் மூடுபனி இல்லை, ஒளிவட்டம் இல்லை. ஒவ்வொரு காட்சியும் தெளிவானது. எனினும் முழுப்படமும் கனவு. இதன் இரகசியம் எளியது: உடலின் அசைவு முறியாமல் தொடர்கின்றது, இடம் மட்டுமே மாறுகின்றது. ஒன்று உறுதியாக நிற்பதனாலேயே மற்றொன்றின் மாற்றம் நம்மை வியக்க வைக்கின்றது. உடலையும் இடத்தையும் சேர்த்தே மங்கவைத்தால் எஞ்சுவது மங்கல் மட்டுமே. இன்னொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். நிறவெறிச் சட்டங்கள் வலுவோடிருந்த ஒரு நாட்டில், அந்தக் கலைஞரின் உடல் காட்டையும் வீட்டையும் நூதனசாலையையும் ஓரடியில் கடந்து செல்கின்றது. எந்தக் கதவும் அதனைத் தடுக்கவில்லை. டெரன் இதனைப் பிரசாரமாகச் செய்தார் என்பதற்கில்லை. ஆயினும் வாழ்க்கை மறுத்த வழிகளைப் படத்தொகுப்பு திறந்துவிட்டது. கோட்வெல் கூறிய அறுவடைக் கனவுக்கு இது மிக நெருங்கியது.

பின்தொடரும் நிழலுருக்களுக்கும் ஒரு மூலவர் உண்டு. ஸ்கொட்லாந்தில் 1914 இற் பிறந்த நோர்மன் மக்லாரன், மாணவனாயிருந்த காலத்திற் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தவர். 1936 இல் மட்றிட் நகரின் பாதுகாப்பைப் படம்பிடிக்க ஸ்பெயின் சென்றவர். கனடாத் தேசியத் திரைப்படச் சபையில் அவர் 1968 இல் வெளியிட்ட 'பா டி டூ', ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் ஆடும் பலே நடனப் படம். வெண்ணிற உடை, கரிய பின்னணி, உடலின் விளிம்பை மட்டும் காட்டும் ஒளி. எடுத்த காட்சியை ஒளியச்சுப் பொறியில் இட்டு, ஒரே சட்டகத்தின் மேல் சற்றுப் பிந்திய கணங்களின் உருவங்களை மீண்டும் மீண்டும் பதித்தார். சில இடங்களில் 11 தடவைகள் வரை. கை உயர்ந்தால் அது கடந்து வந்த நிலைகள் யாவும் விசிறிபோல் விரிகின்றன. ஆடுபவர் அசையாது நின்றதும் பின்தங்கிய உருவங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து மீண்டும் ஒரே உடலாகின்றன.

இதில் சமுதாயம் எங்கே எனத் தோழர் சிலர் வினவக்கூடும். இது காதலின் ஆடல். அதற்குமேல் இதிற் பொருள் தேடவேண்டியதில்லை. ஆனால் மக்லாரன் பதித்த ஒவ்வோர் உருவமும் ஆடியவர் உண்மையில் நின்ற நிலை. கண் தவறவிடும் உழைப்பை அவர் கூட்டிக் காட்டினார். புதிதாக எதனையும் அவ்வுடலின் மேற் பூசவில்லை. இன்று ஒரே காட்சியைப் பல படைகளாக அடுக்கி, ஒவ்வொன்றையும் சில சட்டகங்கள் பிந்தச் செய்து, கருமை மறைந்து ஒளி மட்டும் கூடும்படி கலந்தால் இதே தோற்றத்தைக் கணினியிற் பெறலாம். ஆனால் பின்னணி கரியதாகவும், உடை வெளிறியதாகவும், ஆடலில் உரிய இடத்தில் நிறுத்தங்கள் உள்ளதாகவும் முன்னரே திட்டமிட்டிருத்தல் வேண்டும். தொகுப்பு ஆடலுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம் அயலிலும் இம்முயற்சி நிகழாமலில்லை. உதயசங்கர் தமது 'கல்பனா'வைச் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்திலேயே எடுத்து 1948 இல் வெளியிட்டார். கலைக்கூடமொன்றை அமைக்கக் கனவுகாணும் கலைஞனின் கதை. அதனைக் கேட்பவனோ வருவாயை மட்டும் எண்ணும் படத் தயாரிப்பாளன். காட்சிகள் விரைந்து ஓடும், விழிப்போடு பாருங்கள் எனத் தொடக்கத்திலேயே பார்வையாளரை எச்சரிக்கும் படம் அது. மயங்கிக் கிடவுங்கள் என்று கூறாமல் விழித்திருங்கள் என்று கேட்கும் கனவு! தொழிலாளர் இயந்திரத்தின் உறுப்புகளாக மாறி ஆடும் காட்சி அதிலுண்டு. அங்கே கனவுத்தன்மை உழைப்பை மறைக்கவில்லை. உழைப்பு மனிதனை என்ன செய்துவிடுகின்றது என்பதைக் காட்டுகின்றது. வணிக வெற்றி பெறாத அப்படம் புதுப்பிக்கப்பட்டு 2012 இற் கான் திரைப்பட விழாவில் மீண்டும் காட்டப்பட்டது. ஆனால் நமது சினிமா தனது வழக்கமாக்கிக்கொண்டது வேறொரு கனவை. காதலர் இருவர் கண்ணை மூடியவுடன் புகை மூட்டத்தில் ஆடும் அக்கனவு, கதையில் எழுந்த சிக்கலை மறக்கச் செய்வதற்கே பெரிதும் பயன்பட்டது. நம் மாணவர் கற்றுக்கொண்டது இரண்டாவதையே. அவர்களைக் குறைகூறுவதிற் பயனில்லை. முதலாவதை நாம் அவர்களுக்குக் காட்டவில்லை.

மேற்கூறிய கொழுந்து நடனத்துக்குத் திரும்புவோம். விழா முடிந்தபின் அம்மாணவருடன் அமர்ந்து, எடுத்திருந்த காட்சிகளை மீண்டும் தொகுத்துப் பார்த்தோம். முதலில் மூடுபனியை நீக்கினோம். பறிக்கும் கைகளை அவற்றின் உண்மை வேகத்திலேயே விட்டோம். அவ்வேகமே தாளமாக ஒலிக்கத் தொடங்கியது. நிறுவைக்காகக் கூடையைத் தலையிலிருந்து இறக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் மெதுவாக்கினோம். இறங்கும் கூடையின் பாரம் அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கயிறு அழுத்திய நெற்றியும் தெரிந்தது.

முடிவைத் தீர்மானித்தவள் அரைப்பேர் பற்றிச் சொன்ன அதே மாணவி. டெரனின் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். மறுநாள் அவள் ஒரு காட்சியைப் புதிதாக எடுத்து வந்தாள். தேயிலைச் செடியை நோக்கிக் கை நீள்கின்றது. அடுத்த துண்டில் அதே கை, அதே வளைவில், ஒரு வீட்டின் யன்னலைத் திறக்கின்றது. வெட்டு மிகச் சரியாக விழவில்லை. இரண்டு மூன்று சட்டகங்கள் பிந்தியிருந்தது. அவளே அதனைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். லயத்து அறையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த யன்னலின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் முறை படம் முடிந்தபொழுது முன்போல் உடனே கைதட்டல் எழவில்லை. பார்த்திருந்த தாய்மாருள் ஒருவர், கூடை இறங்கும் இடத்தை இன்னொரு முறை போடும்படி கேட்டார்.

கனவுக் காட்சிகளை நமது மாணவர் தொடர்ந்து ஆக்கட்டும். வினாடிக்கு எத்தனை சட்டகம், எங்கே வெட்டு, எது மெதுவாக வேண்டும், எது மெதுவாகவே கூடாது என்பனவற்றை அவர்களுக்குக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. அதனோடு, யாருடைய கனவு, யாருடைய உடல், எதனை மறைக்கின்றோம் என்ற வினாக்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். நுட்பத்தை ஒருவரும் சமுதாயத்தை இன்னொருவருமாகப் பிரித்துக் கற்பித்தால், பால்நிற மூடுபனி மீண்டும் தோட்டங்களின் மேல் இறங்கும். அதனடியிற் பறிக்கும் கை எவருக்கும் தெரியாது.